கட்டம், கம்பி, எழுத்து: விஷுவல் புரோகிராமிங் ஆய்வைத் தொடங்குவது எப்படி

விஷுவல் புரோகிராமிங்கில் ஆய்வு செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் கையோடு ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள்: படமாகப் போட்டு நிரல் செய்வது எளிதா, எழுத்தாக அடிப்பது எளிதா? தயவுசெய்து இந்தக் கேள்வியோடு ஆய்வைத் தொடங்காதீர்கள். பல பத்தாண்டுகளாக இதைப் பலரும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு சோதனையில் படம் ஜெயிக்கிறது, அடுத்ததில் எழுத்து ஜெயிக்கிறது. யார், எந்த வேலையை, எந்தக் குறியீட்டில் (அதாவது நிரலை எழுதிக் காட்டும் வடிவத்தில்) செய்கிறார் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் பதில் என்று ஒன்று கிடைக்கும்.

கடைசி வருட ப்ராஜெக்ட் தேடும் பி.இ., எம்சிஏ மாணவர்கள், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குகிறவர்கள், பள்ளியில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு சாதாரண லேப்டாப், இணையம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சம்மதிக்கும் நாலைந்து பேர் போதும். மனித-கணினி ஊடாட்டம் என்ற துறையின் பெரிய வசதி இதுதான். விலை உயர்ந்த லேப் இல்லாமலே நல்ல ஆய்வு செய்யலாம்.

படி 1: வாசிப்பதற்கு முன் கைவைத்துப் பாருங்கள்

மூன்று கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஸ்க்ராட்ச்: ஒன்றோடு ஒன்று பொருந்தும் பிளாக்குகளை அடுக்கி நிரல் செய்வது. இரண்டாவது நோட்-ரெட்: பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து, தகவல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஓடும்படி செய்வது. ஐபிஎம்மில் 2013-இல் பிறந்தது, இலவசம். மூன்றாவது எக்செல் போன்ற எந்த விரிதாளும். விரிதாளா என்று யோசிக்க வேண்டாம். 1979-இல் விசிகால்க் வந்ததிலிருந்து, புரோகிராமர் அல்லாதவர்கள் அதிகம் நிரல் செய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. இந்தத் துறை ஆய்வாளர்களும் அதைத் தங்கள் வட்டத்துக்குள் வைத்தே பேசுகிறார்கள்.

மூன்றிலும் ஒரே வேலையைச் செய்யுங்கள். ஐந்து பாட மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். எந்தப் பாடத்திலாவது 35-க்குக் கீழே இருந்தால் ஃபெயில் என்று காட்ட வேண்டும். பிறகு ஒரு மாற்றம்: அறிவியலுக்கு மட்டும் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

செய்யும்போது எங்கே கை நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ராட்ச்சில் 'அல்லது' பிளாக்குக்கு இரண்டே குழிகள். ஐந்து பாடத்துக்கு ஐந்து நிபந்தனை வேண்டுமானால் நான்கு 'அல்லது' பிளாக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். ஒவ்வொன்றைச் செருகும்போதும் பிளாக் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போய் ஸ்க்ரீனுக்கு வெளியே ஓடிவிடும். நடுவில் ஒரு பாடத்தை விட்டுவிட்டீர்கள் என்றால் பாதியைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டியிருக்கும். நோட்-ரெட்டில் கம்பிகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 35 என்ற எண் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பார்க்க அந்தப் பெட்டியை டபுள் கிளிக் செய்து திறக்க வேண்டும். விரிதாளில் ஒரே சூத்திரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் நாற்பது மாணவர்களுக்கு அதை இழுத்துவிட்ட பிறகு இருபத்தி மூன்றாவது வரிசையில் மட்டும் யாரோ சூத்திரத்தை அழித்து எண்ணை அடித்திருந்தால், தாளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து வாசிக்கப்போகும் பேப்பர்களில் வரும் கலைச்சொற்கள் பலவும் நீங்கள் இப்போது பட்ட சிரமங்களின் பெயர்கள்தான்.

படி 2: வரலாற்றை ஒரு மாலையில் முடியுங்கள்

வரலாற்றில் மாதக்கணக்கில் மூழ்க வேண்டாம். யார் எந்த யோசனையை விட்டுப்போனார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து ஸ்கெட்ச்பேட் என்ற அமைப்பைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டு, 'இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும்' என்று கட்டுப்பாடு விதித்தால் கணினி படத்தைத் தானே சரிசெய்யும். மூன்று வருடம் கழித்து, 1966-இல், அவருடைய அண்ணன் பெர்ட் சதர்லாந்து அதே எம்ஐடியில் நிரலையே படமாக வரைந்து ஓட்டிக் காட்டினார். இன்றைய கம்பி வகைக் கருவிகளின் வேர் அங்கே இருக்கிறது. 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் பிக்மேலியன் என்ற அமைப்பைச் செய்தார். 'ஐகான்' என்ற சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1986-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லேப்வியூ என்ற கம்பி வகைக் கருவி வந்தது. அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்யும் பொறியாளர்கள் கையில் அது இன்றும் ஓடுகிறது. 2007-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து மிட்செல் ரெஸ்னிக் குழுவின் ஸ்க்ராட்ச் பொதுமக்களுக்கு வந்தது. 2012-இல் கூகுள் பிளாக்லியை வெளியிட்டது; நாமே நமக்கு வேண்டிய பிளாக் மொழியைக் கட்டிக்கொள்ள உதவும் நூலகம் அது. உங்கள் ஆய்வில் அதிகம் பயன்படப்போவது இந்தக் கடைசிக் கருவிதான்.

இந்த வரிசையோடு எதிர்க்குரலையும் சேர்த்தே படியுங்கள். 1986-இல் ஃபிரெட் புரூக்ஸ் என்ற கணினி அறிஞர், மென்பொருளுக்கு இயல்பான உருவம் என்று ஒன்று கிடையாது, ஆகவே படம் போட்டு அதன் சிக்கலைத் தீர்த்துவிட முடியாது என்று வாதிட்டார். ஒரே நேரத்தில் ஐம்பதுக்கு மேல் காட்சிக் குறியீடுகளைத் திரையில் வைக்க முடியாது என்ற, பீட்டர் டாய்ச் என்ற இன்னொரு கணினி அறிஞரின் கருத்து 'டாய்ச் வரம்பு' என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது. இரண்டையும் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன உதாரணத்தில் அழகாக இருக்கும் படம் நூறு பெட்டி ஆனதும் சிக்கு விழுந்த நூல்கண்டாகிவிடுகிறது. இந்தத் துறையின் கடினமான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

படி 3: இந்த வரிசையில் வாசியுங்கள்

முதலில் லார்கின், சைமன் இருவரும் 1987-இல் எழுதிய பேப்பர். படம் எப்போது எழுத்தைவிடப் பயன்படும் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது: சேர்ந்து தேவைப்படும் தகவல்கள் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தேடும் வேலை குறைகிறது. அப்படி இல்லாத படத்தால் லாபமும் இல்லை. படத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும் என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டு வரிகள் மனதில் நின்றால் பாதித் துறை புரிந்த மாதிரி.

அடுத்து 1991-இல் கிரீன், பெட்ரி, பெல்லமி மூவரும் செய்த சோதனை. அதற்கு முன் கில்மோரும் கிரீனும் ஒரு கருத்தை வைத்திருந்தார்கள்: ஒரு குறியீடு சில தகவல்களை வெளிச்சத்தில் வைக்கும், சிலவற்றை மறைக்கும், கேட்கப்படும் கேள்வி வெளிச்சத்தில் இருக்கும் தகவலைப் பற்றியதாக இருந்தால் விடை சீக்கிரம் வரும். மதிப்பெண் உதாரணத்திலேயே பாருங்கள். 'கணக்கில் 30 வாங்கியவருக்கு என்ன முடிவு வரும்?' என்பது நிரலோடு முன்னோக்கி ஓடும் கேள்வி. 'ஃபெயில் என்று வந்திருக்கிறது, எதனால் வந்திருக்கும்?' என்பது பின்னோக்கிப் போகும் கேள்வி. ஒரே நிரல் ஒன்றுக்கு எளிதாகவும் மற்றதற்குக் கடினமாகவும் இருக்கலாம். 1991 சோதனையில் லேப்வியூவின் படங்களையும் எழுத்தையும் இந்த இரண்டு வகைக் கேள்விகளாலும் ஒப்பிட்டார்கள். இரண்டு வகையிலும் படத்தை வாசிக்கத்தான் அதிக நேரம் ஆனது. படம் என்றாலே எளிது என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

மூன்றாவதுதான் நீங்கள் ஆற அமர, பென்சிலோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டியது: கிரீனும் பெட்ரியும் 1996-இல் எழுதிய 'காக்னிட்டிவ் டைமென்ஷன்ஸ்' பேப்பர். ஒரு நிரல் மொழியை நல்லது கெட்டது என்று மதிப்பிடுவதற்குப் பதிலாக 13 கோணங்களில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அவற்றில் விஸ்காசிட்டி என்பது ஒரு சின்ன மாற்றத்துக்கு எவ்வளவு வேலை பிடிக்கிறது என்பது. இதைக் காட்ட, ராக்கெட்டின் பாதையைக் கணக்கிடும் ஒரே நிரலை எழுத்து மொழியான பேசிக், பட மொழிகளான ப்ரோகிராஃப், லேப்வியூ மூன்றிலும் எடுத்துக்கொண்டு ஒரே மாற்றத்தைச் செய்ய வைத்தார்கள். பேசிக்கில் சுமார் ஒரு நிமிடம். ப்ரோகிராஃபில் மூன்று நிமிடத்துக்கு மேல். லேப்வியூவில் எட்டு நிமிடத்தைத் தாண்டியது. யோசிப்பதற்கு ஆன நேரம் இல்லை அது. புதிய பெட்டிக்கு இடம் உண்டாக்கப் பழைய பெட்டிகளை நகர்த்தி, கம்பிகளை அவிழ்த்து, மறுபடி இழுத்ததில் போன நேரம். நீங்கள் ஸ்க்ராட்ச்சில் 'அல்லது' பிளாக்கைப் பிய்த்து அடுக்கியபோது பட்ட பாடும் இதுதான்.

விரிதாளில் அழிந்துபோன சூத்திரம் கண்ணில் படாதது 'மறைந்த சார்பு' என்ற கோணத்தில் வரும். பெட்டியை எங்கே வைப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருப்பது 'முன்கூட்டிய முடிவு'. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். படி 1-இல் எழுதிய உங்கள் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொருந்தும் பெயரை எழுதுங்கள். எந்தப் பெயரிலும் அடங்காத குறிப்பு ஒன்று மிஞ்சினால் அதற்கு வட்டம் போட்டு வையுங்கள். உங்கள் கேள்வி அங்கிருந்தும் வரலாம்.

பெட்ரி 1995-இல் தனியாக எழுதிய கட்டுரை இதற்குத் துணை. படத்தை வாசிப்பதும் பழகிப் பெற வேண்டிய திறமை என்கிறார். அனுபவசாலிகள் தொடர்புள்ள பெட்டிகளை அருகருகே வைத்து, இடம் விட்டு, மொழியின் இலக்கணத்தில் இல்லாத குறிப்புகளைப் படத்தின் அமைப்பிலேயே சொல்கிறார்கள். புதியவர்கள் அந்தக் குறிப்புகளைத் தவறவிடுகிறார்கள். அவர்கள் வரையும் படத்திலும் அவை இருப்பதில்லை.

கடைசியாகப் பள்ளி மாணவர்களைப் பற்றி வைன்ட்ராப், விலென்ஸ்கி இருவரும் செய்த ஒப்பீடு. ஒரே அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பு பிளாக்கிலும் இன்னொரு வகுப்பு எழுத்திலும் ஐந்து வாரம் படித்தது. இரண்டு வகுப்பும் முன்னேறியது, பிளாக் வகுப்பு கூடுதலாக முன்னேறியது. ஆனால் தாங்கள் செய்வது உண்மையான புரோகிராமர்கள் செய்வதைப் போல இருக்கிறது என்று எழுத்து வகுப்புதான் அதிகம் நினைத்தது. பிறகு இரண்டு வகுப்பும் பத்து வாரம் ஜாவா படித்தன. முடிவில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. இந்த ஒரு ஆய்வுத் தொடரிலேயே 'எது சிறந்தது' என்பதற்கு மூன்று விதமான விடை இருப்பதைக் கவனியுங்கள்.

எந்தப் பேப்பரையும் வாசிக்கும்போது சுருக்கத்தைப் பார்த்ததும் நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போய்விடுங்கள். யார் கலந்துகொண்டார்கள், முன் அனுபவம் என்ன, எந்த வேலை கொடுத்தார்கள், எதை அளந்தார்கள் என்ற நான்குக்கும் விடையை உங்கள் வார்த்தையில் எழுதிய பிறகே முடிவுரைக்குப் போங்கள். பல ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் பிடிஎஃப்பை இலவசமாக வைத்திருக்கிறார்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

படி 4: கேள்வியைச் சுருக்குங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை. 'தமிழ் மாணவர்களுக்கு விஷுவல் புரோகிராமிங் உதவுகிறதா?' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது, அது ஒரு தலைப்பு. நம் பக்கத்திலேயே கிடைக்கும் ஓர் உதாரணத்தை வைத்து இதைச் சுருக்கிக் காட்டுகிறேன்.

ஸ்க்ராட்ச்சில் ஒவ்வொரு பிளாக்கின் வாசகமும் ஒரு மாதிரி வாக்கியமாக எழுதப்பட்டிருக்கிறது. நிபந்தனை வந்து உட்கார வேண்டிய குழிக்கு அந்த வாக்கியத்தில் ஓர் அடையாளம் இருக்கும். மொழிபெயர்ப்பவர் அந்த அடையாளத்தை வாக்கியத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆகவே தமிழில் குழியை முதலில் வைத்து, அதன் பின் 'என்றால்' என்று போட வழி இருக்கிறது. பிளாக்லியோடு வரும் நிபந்தனை பிளாக்கின் கட்டமைப்பு வேறு. அதில் சொல் முதலில், குழி பிறகு என்று வரிசை அமைப்பிலேயே நிலைத்துவிட்டது. தமிழில் எந்தச் சொல்லைப் போட்டாலும் அது நிபந்தனைக்கு முன்னால்தான் போய் நிற்கும். 'எனில், மதிப்பெண் 35-ஐவிடக் குறைவு' என்ற வரிசையில் மாணவர் வாசிக்க வேண்டும்.

பார்த்ததும் இது தவறு, தமிழ் வரிசைக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், மறுபக்கமும் இருக்கிறது. நிரலை மேலிருந்து கீழே ஓட்டமாகப் பார்க்கும் கண் இடது ஓரத்தைத்தான் தடவிக்கொண்டு போகிறது. சொல் இடது ஓரத்தில் இருந்தால் இது நிபந்தனை, இது சுழற்சி என்று உடனே தெரியும். தமிழ் வரிசையில் 'என்றால்' பிளாக்கும் 'வரை திரும்பச் செய்' பிளாக்கும் இரண்டுமே வெறும் குழியோடுதான் தொடங்கும். ஸ்க்ராட்ச்சில் இரண்டின் நிறமும் ஒன்றே. குழிக்குள் நீளமான நிபந்தனை ஒன்று உட்கார்ந்துவிட்டால் அது என்ன பிளாக் என்று அறிய வலது கோடிவரை போக வேண்டும்.

ஆக, ஒரு பிளாக்கை முழுசாக வாசிக்கத் தமிழ் வரிசை உதவலாம். பெரிய நிரலை மேலோட்டமாகத் தேடிப் பார்க்க அது இடைஞ்சலாகலாம். இப்போது கேள்வி கூர்மையாகிவிட்டது: இதற்கு முன் நிரல் செய்யாத, தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், சொல் முன்னால் வரும் பிளாக்கிலும் பின்னால் வரும் பிளாக்கிலும், (அ) ஒரு நிபந்தனையின் விளைவைச் சொல்வதில், (ஆ) நீண்ட நிரலில் குறிப்பிட்ட சுழற்சியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் எங்கே தவறு செய்கிறார்கள்? ஆள், வேலை, குறியீடு மூன்றும் இதில் இருக்கின்றன. எந்தப் பக்கம் விடை வந்தாலும் பிளாக் மொழி வடிவமைப்பவருக்கு அது பயன்படும். உங்கள் கேள்வியும் இந்த அளவுக்கு வர வேண்டும். விடை என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே முன்கூட்டி நிச்சயமாகத் தெரிந்தால் இன்னும் தேடுங்கள்.

படி 5: செய்து பாருங்கள், முதலில் காகிதத்தில்

பிளாக்லியில் புதிய பிளாக் வரையறுப்பது கடினம் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தால் போதும். ஆனால் அதற்கு முன் பிளாக்குகளை அட்டையில் பிரின்ட் எடுத்து வெட்டி மேஜையில் பரப்புங்கள். ஒரு மாணவரை அழைத்து அடுக்கச் சொல்லுங்கள். கோடிங்கில் நாட்கள் எடுக்கும் தவறுகள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இரண்டு வடிவங்களுக்கு இடையே ஒரே ஒரு வேறுபாடுதான் இருக்க வேண்டும். நிறம், எழுத்தளவு, குழியின் வடிவம், சொல் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றில் 'எனில்', இன்னொன்றில் 'என்றால்' என்று போட்டுவிட்டால் வரிசையால் வந்த வேறுபாடா, சொல்லால் வந்த வேறுபாடா என்று பிரிக்க முடியாது. தமிழ் எழுத்துக்களுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும், சொற்களும் நீளம். பிளாக் பெரிதாகி ஸ்க்ரீனில் குறைவாகத்தான் தெரியும். ஆகவே ஆங்கில பிளாக்கோடு நேரடியாக ஒப்பிட நினைக்கிறவர்கள் நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

படி 6: அளப்பதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள்

எண்களுக்கு ஓடுவதற்கு முன் நான்கைந்து பேரோடு 'வாய்விட்டு யோசித்தல்' முறையில் உட்காருங்கள். எரிக்சன், சைமன் இருவரும் 1980-களில் உளவியலில் ஒழுங்குபடுத்திய முறை இது; பிறகு கணினித் துறைக்கும் வந்தது. மாணவரிடம் இப்படிச் சொல்லலாம்: "உன்னைச் சோதிக்கலப்பா, இந்த பிளாக்கைத்தான் சோதிக்கிறோம். செய்யும்போது மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்." அமைதியாகிவிட்டால் "பேசிக்கிட்டே செய்" என்பது மட்டும் போதும். "ஏன் அப்படிச் செஞ்ச?" என்று நடுவில் கேட்காதீர்கள். கேட்டதும் அவர் செய்வதை நிறுத்திவிட்டு உங்களுக்காகக் காரணம் தேடத் தொடங்கிவிடுவார். முடிந்த பிறகு கேளுங்கள்.

நம் வகுப்பறைகளில் இதைச் செய்யும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'சார்' செய்த கருவியைக் குறைசொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு சார்" என்பார்கள். ஆகவே கருவியைச் செய்தது நீங்கள் என்று சொல்லாதீர்கள். முடிந்தால் வேறு ஒருவர் உட்காரட்டும். அவர்களுடைய சொந்த வகுப்பாசிரியர் அறையில் வேண்டாம். இரண்டு மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவரோடு ஒருவர் தானாகவே பேசுவார்கள்: "டேய் அது உள்ள போகாது, இத எடு." தனியாக உட்கார்ந்து சத்தமாக யோசிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இதுதான் ஏற்றது.

குறிப்பேட்டில் கருத்தை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். 'மாணவி குழம்பினாள்' என்பது உங்கள் கருத்து. 'நிபந்தனை பிளாக்கைக் குழிக்கு மேலே கொண்டுவந்தாள், விடாமல் சில நொடி பிடித்திருந்தாள், திரும்பப் பெட்டியில் போட்டாள், லேபிளை வாய்க்குள் இரண்டு தடவை வாசித்தாள், பிறகு செருகினாள்' என்பது தரவு. மவுஸ் தயங்கி நிற்கும் இடமும் உதடு மட்டும் அசையும் இடமும் நேரக் கணக்கில் தெரியாது. ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் குரலும் எடுத்து வையுங்கள், முகம் தேவையில்லை.

படி 7: இப்போது அளக்கலாம்

எல்லா மாணவரும் இரண்டு வடிவத்தையும் பார்ப்பதா, பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் பார்ப்பதா என்று முடிவெடுங்கள். முதல் வழியில் குறைந்த ஆட்கள் போதும், ஆனால் முதலில் செய்ததில் கிடைத்த பழக்கம் இரண்டாவதுக்கு உதவிவிடும். அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். கேள்வித் தொகுப்புகளும் இரண்டு வேண்டும், அவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்போது நான்கு குழுக்கள் வரும்.

நேரத்தோடு நிற்காமல் தவறுகளை வகை பிரித்து எண்ணுங்கள். நேரத் தரவில் ஓரிருவர் மிக நீண்ட நேரம் எடுப்பது வழக்கம். சராசரியை அது இழுத்துவிடும் என்பதால் இடைநிலை அளவையும் சேர்த்துப் பாருங்கள். கேள்விகளில் முன்னோக்கியும் பின்னோக்கியும் போகும் இரண்டு வகையும் இருக்கட்டும். ஒரு நிரலை மாற்றும் வேலையும் ஒன்று இருக்கட்டும். உருவாக்குவது, வாசிப்பது, மாற்றுவது மூன்றும் வேறு வேறு வேலைகள். செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தரும் இன்றைய நிலையில் வாசிப்பதும் சரிபார்ப்பதும் மனிதர் கையில் மிஞ்சும் முக்கியமான வேலைகள் ஆகிவருகின்றன. அந்த இரண்டையும் அளக்கும் ஆய்வுகள் நமக்கு நிறைய வேண்டும்.

பயன்பாட்டு எளிமைக்கு 'எஸ்யூஎஸ்' என்ற பத்துக் கேள்விப் படிவத்தைப் பலரும் கொடுப்பார்கள். 1986-இல் ஜான் புரூக் உருவாக்கியது. 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும், ஆனால் அது சதவீதம் ஆகாது. அதன் கேள்விகள் ஒன்று விட்டு ஒன்று எதிர்மறையாக இருக்கும். தமிழில் மொழிபெயர்த்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால், எதிர்மறை வாக்கியத்துக்கு 'உடன்படவில்லை' என்று குறிக்கும் இடத்தில் பலர் தடுமாறுவார்கள். முதலில் இரண்டு மூன்று பேரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

படி 8: அனுமதி

இது ஆட்களைத் தேடுவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை. கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல், தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம், மாணவரின் சொந்தச் சம்மதம் என நான்கு. படிவம் பெற்றோருக்குப் புரியும் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். நடுவில் எழுந்து போக விரும்பும் மாணவர் காரணம் சொல்லாமல் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வகுப்பு மதிப்பெண்ணுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

படி 9: எழுதி எங்கே அனுப்புவது

இந்தத் துறையின் சொந்த வீடு, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு நடத்தும் விஎல்/எச்சிசி (விஷுவல் மொழிகள், மனிதரை மையமாகக் கொண்ட கணிமை) மாநாடு. 1984-இல் விஷுவல் மொழிகளுக்கான பட்டறையாகத் தொடங்கியது. ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கத்தின் சிஎச்ஐ, மனித-கணினி ஊடாட்டத்துக்கான மாநாடு; மிகப் பெரியது, இடம் கிடைப்பது கடினம். புதியவர்கள் அதில் போஸ்டர் போன்ற சிறு பிரிவுகளில் முயலலாம். நிரல் எழுதுவதன் உளவியலைப் பேசும் பிபிஐஜி குழுவின் கூட்டங்களும் நல்ல இடம். கல்விப் பக்கம் சாய்ந்த ஆய்வு என்றால் கணினிக் கல்வி ஆய்வுக்கான ஐசிஇஆர் மாநாடு. நம் பக்கத்தில் இந்தியா எச்சிஐ (மனித-கணினி ஊடாட்டம்) மாநாடு இருக்கிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்கு உங்கள் உழைப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே போன பேப்பரை இந்தத் துறையில் யாரும் வாசிக்கப் போவதில்லை.

எழுதும்போது செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள், ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே. இரண்டு பிளாக்குகளின் படத்தையும் பக்கத்தில் பக்கமாகப் போடுங்கள். தமிழ் தெரியாத மதிப்பீட்டாளருக்காக ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஆங்கிலப் பொருளையும் வரிசை மாறாமல் கொடுங்கள்; குழி எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வே என்பதால் அது இல்லாமல் அவரால் எதையும் மதிப்பிட முடியாது. வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள், எத்தனை பேர், எவ்வளவு ஏற்ற இறக்கம் என்ற விவரத்தோடு.

பிளாக் வரையறைகள், கேள்வித் தாள், மாணவருக்குச் சொன்ன அறிமுக வாசகம், பெயர் நீக்கிய தரவு நான்கையும் ஒரு ஃபோல்டரில் வைத்துப் பேப்பரோடு பொதுவில் வெளியிடுங்கள். நெல்லையில் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அதே கேள்வித் தாளைத் தங்கள் பள்ளியில் கொடுத்துப் பார்த்தால், உங்கள் ஒரு வகுப்பில் கிடைத்த விடை அந்த வகுப்புக்கு மட்டும் உரியதா, அதற்கு வெளியேயும் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.